தெருப்பக்கத்துப் பவழமல்லி

"வெந்நீர் ஊத்தினியா, ஆசிட் ஊத்தினியா? அத மட்டும் சொல்லிடு ஜமீலா."

விடிந்தும் விடியாத நேரம். எதிர் அபார்ட்மென்ட் வேம்பு மாமி ஈரத்தலையும் பூக்குடலையுமாகத் தெருவில் நின்று இப்படிக் கேட்டாள். குடலை காலி. கேட்டதுதான் கேட்டாள், மெதுவாகக் கேட்கக் கூடாதா? கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்தில் பால் பாக்கெட் போடுகிறவன் வண்டியை நிறுத்திக்கொண்டு பார்த்தான். கோயில் குளத்தைச் சுற்றி நடக்கக் கிளம்பிய இரண்டு ரிடையர்டு ஆசாமிகள் நடையைச் சுருக்கிக்கொண்டார்கள். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

ஜமீலுன்னிசா தொழுகை முடித்து, வாசலைக் கூட்டக் கையில் துடைப்பத்தோடு கேட்டுக்குள் நின்றிருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"இன்னா மாமி சொல்றீங்க? எதுக்கு ஊத்துனேன்?"

"மரத்துக்குத்தான். வேற எதுக்கு? உன் ஆத்துப் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டறது. தெருப் பக்கம் பொறுக்க ஒரு பூ கெடையாது. புரட்டாசியும் அதுவுமா தெனம் வெறுங்குடலையத் தூக்கிண்டு திரும்பறேன். ஒரே மரம் பாதி பூக்குமாம், பாதி பட்டுப் போகுமாம். யாரும் ஒண்ணும் பண்ணாமயா?"

"நான் இன்னா பண்ணுவேன் மாமி? அது மரம்..."

"வாட்ச்மேன் பாத்திருக்கான். சாயங்காலம் சாயங்காலம் நீ பக்கெட்ல என்னத்தையோ கொண்டுவந்து தெருப் பக்கமாப் பாத்து ஊத்தறியாம். நாங்க பொறுக்கறது பிடிக்கலன்னா, பிடிக்கலன்னு வாய்விட்டுச் சொல்லேன். வாயில்லா மரத்த ஏண்டிம்மா கொல்றே?"

சொல்லிவிட்டு மாமி விறுவிறுவென்று போய்விட்டாள். ஜமீலுன்னிசாவின் வாய் அந்தச் சந்துக்கே தெரிந்த வாய். மீன்காரனிலிருந்து மீட்டர் பார்க்க வருகிறவர் வரை அதற்குத் தப்பியவர்கள் இல்லை. அந்த வாய் அன்றைக்கென்று பார்த்து ஒட்டிக்கொண்டது. பதில் வந்தபோது தெருவில் கேட்க ஆளில்லை.

பக்கெட்! எந்த பக்கெட் என்று அவளுக்குத் தெரியாதா?

அந்தப் பவழமல்லி, அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷம் மாமியார் வைத்தது. சுவரை ஒட்டி வளர்ந்து, பாதி வீட்டுக்குள்ளும் பாதி தெருவிலுமாகச் சாய்ந்து நிற்கிறது. பொழுது சாய்ந்ததும் மொட்டு அவிழும். சந்து முழுக்க மணக்கும். விடியற்காலையில் பவழக் காம்பும் வெள்ளை இதழுமாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். மற்ற பூவெல்லாம் தரையில் விழுந்தால் பூஜைக்கு ஆகாது. பவழமல்லிக்கு மட்டும் அந்தத் தீட்டில்லை, விழுந்ததைத்தான் பொறுக்க வேண்டும். இது மாமி சொல்லித்தான் ஜமீலுன்னிசாவுக்குத் தெரியும். மாமி குளித்துவிட்டு மடியாக வருவாள், கேட்டுக்குள் வரமாட்டாள், யாரும் மேலே பட்டுவிடக் கூடாது. சரி, அவரவர் வழக்கம் அவரவருக்கு. மாமி பொறுக்கி முடிக்கிற வரைக்கும் ஜமீலுன்னிசா தெருவில் இறங்கமாட்டாள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அவர்களையும் இறங்கவிட்டதில்லை.

தரையில் விழுகிற பூ சாமிக்குப் போகிறது என்றால், தரை எப்படி இருக்க வேண்டும்? அந்தச் சந்தில் நாய்க்குப் பஞ்சமா, வெற்றிலை எச்சிலுக்குப் பஞ்சமா? அதனால் தினம் சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த கையோடு, ஜமீலுன்னிசா தெருவில் இறங்கி மரத்தடியைக் கூட்டி, ஒரு பக்கெட் தண்ணீரை அடித்து ஊற்றுவாள். யாரும் கேட்டு அல்ல. கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருக்கவும் மாட்டாள். ஆண்டவனுக்கென்று ஒருத்தி எடுத்துப் போகிற பூ அசிங்கத்தில் விழக் கூடாது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீர்தான் ஆசிட்டாம்!

"இன்னாங்க, கேட்டீங்களா கதைய?" என்று உள்ளே போய்ப் பொரிந்தாள்.

அவள் புருஷன் மெஹபூப் அலி, லஸ் பக்கத்தில் ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். சண்டை என்றால் அடுத்த தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போகிற ரகம். டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"வுடு ஜமீலா. வயசானவங்க. ஏதோ வாய்ல வந்துச்சு, சொல்லிட்டாங்க."

"வாய்ல வந்துச்சா? எனக்கு வாய் இல்லியா? நான் இத்தினி வருசமா அவங்க ஊட்டப் பாத்து ஒரு வார்த்த சொல்லிக்கீறேனா?"

"போய்ச் சொல்லிட்டு வா, நான் ஊத்தலன்னு."

"நான் எதுக்குங்க சொல்லணும்? திருடலன்னு நானே போய் நிக்கணுமா? தெருவுல நின்னு சொன்னாங்க இல்ல, தெருவுல நின்னு அவங்களே வாபஸ் வாங்கணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

சோறு இறங்கியது, அது வேறு விஷயம். மனசுதான் ஆறவில்லை. அதற்குத் தகுந்தாற்போல மறுநாள் ரேஷன் கடை வரிசையில், முன்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை திரும்பிப் பார்த்து, "யக்கா, உங்கூட்டு மரத்துக்கு ஆசிட் ஊத்திட்டீங்களாமே, ஏன்க்கா?" என்று அக்கறையாக விசாரித்தாள். முகம்கூடச் சரியாகத் தெரியாதவள்! ஜமீலுன்னிசாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "உங்கிட்ட சொன்னவங்க வாய்ல ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு, பருப்பு வாங்காமலே திரும்பினாள்.

திரும்பி வந்தால் வாசலில் இன்னொரு கூத்து. வேம்பு மாமியின் மகன் பத்ரி, அபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரி, கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, மரத்தடியில் குந்தியிருந்தான். கையில் காபி ஸ்பூன். மண்ணைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு சிட்டிகை எடுத்து மோந்தும் பார்த்தான்.

"இன்னா தம்பி பண்றே?"

பத்ரி எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டான். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஜஸ்ட் ஒரு சாயில் டெஸ்ட். பர்சனலா எடுத்துக்காதீங்கோ."

"என் ஊட்டு மரத்தடியில மண்ண எடுத்து மோந்து பாக்குறே. அத வேற யாரு எடுத்துக்கிறது? உங்கம்மாவா?"

"கெமிக்கல் எதுவும் இல்லன்னு வந்துட்டா உங்களுக்கும் நல்லதுதானே ஆன்ட்டி? க்ளியர் ஆயிடும்."

என்ன பெருந்தன்மை பாருங்கள்! நிரூபித்துக் காட்டு, அப்புறம் மன்னிக்கிறேன் என்கிற பெருந்தன்மை. ஜமீலுன்னிசா அவன் சின்னப் பிள்ளையாக டவுசர் போட்டுக்கொண்டு பந்து பொறுக்க வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறாள். பந்து ஜன்னலை உடைத்தபோதுகூட இவ்வளவு கோபம் வந்ததில்லை.

"ஸ்பூன கழுவிட்டு ஊட்டுல வை" என்றாள். "வெஷம் கிஷம் ஒட்டிக்கினு இருக்கப் போவுது."

அன்று சாயங்காலம் அவள் தெருவில் தண்ணீர் ஊற்றவில்லை. அந்த மரம் பூக்கத் தொடங்கியபின் ஊரில் இருந்துகொண்டே அதைச் செய்யாத முதல் நாள் அதுதான். அதற்குப் பதிலாக, முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மரத்தை முறைத்தபடி உட்கார்ந்தாள். மாமி சொன்னதில் ஒரு வார்த்தை அவளையும் குடைந்துகொண்டிருந்தது. ஒரே மரம் எப்படிப் பாதி பூக்கும்? தான் ஊற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் வேறு யார், எதை, எப்போது?

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டதும் உள்ளே போய்த் தொழுதுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். இருட்டத் தொடங்கியதும் வீட்டுப் பக்கத்து மொட்டுகள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்தன. மணம் லேசாகக் கிளம்பியது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பளீரென்று ஒரு வெளிச்சம் அடித்தது. ஜமீலுன்னிசா எழுந்து கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தாள்.

எதிர் அபார்ட்மென்ட் முகப்பில் புதிதாகப் போட்ட ஃபோகஸ் லைட். புரட்டாசி பிறந்த சமயத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா கழுத்துச் சங்கிலியை பைக்கில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போனான். தன் அம்மாவும் விடிகாலையில் தனியாகப் பூப் பொறுக்கப் போகிறாளே என்று பத்ரி அடுத்த நாளே கிரிக்கெட் மைதானத்து விளக்கு மாதிரி ஒன்றை வாங்கி மாட்டி, நேரே மரத்தடியைப் பார்த்துத் திருப்பிவிட்டான். சாயங்காலம் எரியத் தொடங்கினால் காலையில்தான் அணையும். கேட்டுக்குள் சுவரும் மரத்தின் அடர்த்தியும் மறைத்ததில், அவள் வீட்டுக்குள் அந்த வெளிச்சம் வருவதில்லை. ஏதோ லைட் போட்டிருக்கிறார்கள் என்ற அளவில் விட்டிருந்தாள்.

இப்போது அண்ணாந்து பார்த்தாள். தெருப் பக்கத்துக் கிளைகளில் இலையின் நரம்பு வரைக்கும் தெரிந்தது. ஒரு காக்காய் தூங்க முடியாமல் கிளை மாறிக் கிளை உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தது. மொட்டுகள் கொத்துக் கொத்தாக இருந்தன, ஒன்றுகூட அவிழவில்லை. இறுக மூடிக்கொண்டு, நுனி கருகி, சில கைபட்டாலே உதிர்கிற பதத்தில் இருந்தன. சுவருக்கு உள்ளே அதே மரம் சிரித்துக்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா" என்றாள் ஜமீலுன்னிசா, வாய்விட்டு. "பொழுது சாஞ்சாத்தானடா அது பூக்கும்! நீங்க எங்கடா சாய வுட்டீங்க?"

அப்படியே எதிரே போய் லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் மாடியேறி பத்ரி வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைப் பாதி திறந்து பிடித்தபடி அவள் சொன்னதைக் கேட்டான். இரண்டே இரண்டு நாள் அந்த லைட்டை அணைத்துப் பார், பூ வரவில்லையென்றால் நான் ஊற்றினேன் என்று நானே ஒத்துக்கொள்கிறேன் என்றாள். இதைவிட ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்?

"ஆன்ட்டி, அது செக்யூரிட்டி விஷயம். கமிட்டில பாஸ் ஆனது. நீங்க சொல்றேள்னு ஆஃப் பண்ண முடியாது. அதோட..." பத்ரி கொஞ்சம் சிரித்தான். "லைட்டு பட்டா செடி நன்னாத்தானே வளரும்? போட்டோசிந்தசிஸ்."

உள்ளேயிருந்து வேம்பு மாமியின் குரல் வந்தது. "யாருடா அது? ஜமீலாவா? இப்ப எதுக்கு வந்திருக்காளாம்?" அந்த "இப்ப எதுக்கு" ஜமீலுன்னிசாவின் மார்பில் போய்க் குத்தியது. எத்தனை பெருநாளைக்கு இந்த வாசலில் டப்பாவில் பாதாமும் முந்திரியும் கொடுத்திருக்கிறாள், சமைத்தது வேண்டாம், மாமி எடுத்துக்கொள்ளமாட்டாள் என்று பார்த்துப் பார்த்து! அப்படியே படியிறங்கி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

மெஹபூப் அலி கடையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். வழக்கம்போல வுடு ஜமீலா என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. ஸ்பூனால் மண் எடுத்த கதையையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"மோந்து பாத்தானா?"

"மோந்து பாத்தான்ங்க."

"நம்மூட்டு மண்ண?"

மறுநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே, ஏதோ ஓட்டலுக்குத் தைத்து மிச்சமான, பகலிலேயே அறையை இருட்டாக்குகிற தடித்த திரைத்துணி, இரண்டு சவுக்குக் கழி, காலி பெயின்ட் டப்பாக்கள். டப்பாவில் மணலை நிரப்பி, அதில் கழிகளை நட்டுத் தெருவோரம் நிறுத்தி, மரத்துக்கும் விளக்குக்கும் நடுவே துணியை மேலிருந்து கீழ் வரைக்கும் இழுத்துக் கட்டினார். சந்தில் போனவர்களில் பாதிப் பேர் நிக்காஹ் பந்தல் என்று நினைத்தார்கள். மீதிப் பேர் கட்சிக் கூட்டம் என்று நினைத்தார்கள். பத்ரி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்கிள், இது பப்ளிக் ரோடு, என்க்ரோச்மென்ட்" என்று குரல் கொடுத்தான்.

மெஹபூப் அலி கயிற்றில் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் அண்ணாந்தார்.

"தம்பி, மரம் என்னுது. அது தூங்குறதுக்கு நான் தெர கட்டுறேன். உன் லைட்ட நான் தொட்டேனா? என் துணிய நீ தொடாத." அந்தச் சந்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பத்ரி உள்ளே போய்விட்டான்.

முதல் நாள் காலையில் தெருவில் பழைய கருகல் மொட்டுகள்தான் கிடந்தன. ஜமீலுன்னிசாவுக்குப் பக்கென்றது. இரண்டாம் நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பூக்கள். மூன்றாம் நாள் அவள் தொழுதுவிட்டுக் கதவைத் திறக்கும்போதே மணம் முகத்தில் வந்து விழுந்தது. கேட்டருகே போய்த் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் பார்த்தாள். தெரு முழுக்க, திரை மறைத்த இடம் வரைக்கும், பூ கொட்டிக் கிடந்தது. திரையைத் தாண்டி நீண்டிருந்த ஒரே ஒரு கிளைக்குக் கீழே மட்டும், வெளிச்சம் விழுந்த இடத்தில், வெறும் தரை.

"யா அல்லா, என் மானத்த காப்பாத்தினியே" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

அதற்குள் வேம்பு மாமி வந்துவிட்டாள். குடலையைக் கீழே வைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். முகமெல்லாம் மலர்ச்சி. கேட்டுக்குள் ஜமீலுன்னிசா நிற்பதைப் பார்த்து அதே மலர்ச்சியோடு தலையை ஆட்டினாள்.

"பாத்தியா? நான் அன்னிக்கு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேன், இன்னிக்குப் பூ வந்துடுத்து. சொல்ல வேண்டியத சொன்னாத்தான் நடக்கறது. நல்லவேளை நிறுத்திட்டே. போறது, நான் மனசுல வெச்சுக்கல."

இவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம்! ஜமீலுன்னிசா இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மாமி மடியாகப் பூப் பொறுக்குகிறபோது கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். மாமி பதறி ஒதுங்கினாள்.

"பயப்படாதீங்க, மேல படமாட்டேன். எந்திரிங்க மாமி. எந்திரிச்சு இந்தத் துணியப் பாருங்க. எதுக்கு கட்டிக்கீது?"

"உங்காத்துல ஏதோ விசேஷம்னு வாட்ச்மேன்..."

"விசேசந்தான். உங்க புள்ள மாட்டுன லைட்டு மரத்து மேல வுழாம இருக்கத்தான் எங்கூட்டுக்காரரு கட்டிக்கீறாரு. நான் எதையும் நிறுத்தல, ஊத்தினாத்தான நிறுத்துறதுக்கு? தோ, அந்தக் கெளைய மேல பாருங்க. லைட்டு படுது. மொட்டு மூடிக்கினே கீது. கீழ பாருங்க, ஒரு பூ இல்ல. இப்ப இந்தப் பக்கம் பாருங்க."

மாமி பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், திரையைப் பார்த்தாள், எதிரே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள். பூஜை புனஸ்காரம் என்று இருந்தாலும் மாமி மக்கு இல்லை.

"பக்கெட்டு கேட்டீங்களே, பக்கெட்டு" என்றாள் ஜமீலுன்னிசா. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "தண்ணி மாமி அது. வெறும் தண்ணி. நீங்க சாமிக்கு எடுக்குற பூவு நாய் மூத்தரத்துல வுழக் கூடாதுன்னு தெனம் கழுவி வுட்டேன். இத்தினி வருசமா இந்த எடம் தானா சுத்தமா இருந்துச்சுன்னு நெனச்சீங்களா? எவன் வந்து கழுவுனான்னு ஒரு நாளு யோசிச்சீங்களா? ஒரு வாரம் பூ வரல. ஒரே வாரம். ஒடனே நான் வெஷம் வெச்சவளாயிட்டேன்."

மாமியின் கையில் இருந்த பூக்கள் குடலைக்குள் போகாமல் கையிலேயே நின்றன. உதடு அசைந்தது. நெருங்கி வந்து, மிக மெல்ல, மூச்சுவிடுகிற சத்தத்தில் சொன்னாள்.

"தெரியாமச் சொல்லிட்டேன் ஜமீலா. தப்புதான்."

"எனக்குக் கேட்டுது மாமி" என்றாள் ஜமீலுன்னிசா. "தெருவுக்குக் கேக்கல."

பால்காரன் வண்டியில் ஒரு காலை ஊன்றியபடி நின்றிருந்தான். நடைக்குப் போகிற ரிடையர்டு இருவரும் ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்திருந்தார்கள். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மாமி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். ஜமீலுன்னிசா நகரவில்லை.

மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிர் மாடியைப் பார்த்துத் திரும்பினாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

"டேய் பத்ரீ! எழுந்து வாடா வெளியில! அந்த லைட்ட அணைச்சுத் தொலைடா! ஜமீலா ஒண்ணும் ஊத்தலடா, கேட்டியா? அவ ஊத்தினது தண்ணிடா! கொன்னது நாமடா! நானும் நீயும்தான்டா!"

பால்கனிகளில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பத்ரி தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தான். "என்னம்மா, மெதுவாப் பேசேன்" என்றான்.

"மெதுவாவா? அன்னிக்கு மெதுவாவா சொன்னேன்?" என்று கத்தினாள் மாமி. கத்தும்போதே குரல் உடைந்துவிட்டது.

விளக்கு அணைந்தது. ஜமீலுன்னிசா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்குள் போனாள். மாமி கேட்டு வரைக்கும் பின்னாலேயே வந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஒரு வார்த்தைக்காக நின்றாள். பரவாயில்லை என்ற அந்த வார்த்தையை ஜமீலுன்னிசா அன்றைக்குச் சொல்லவில்லை.